ஏரிக்குப் போனால் மட்டும் கனக்கும் ஸ்டியரிங்

அத்தியாயம் 4

"யாரோ என் வண்டியைக் கெடுக்குறாங்க, மேடம். அதுவும் கிழமை பார்த்துக் கெடுக்குறாங்க."

வந்தவர் இதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அறுபத்து மூன்று வயது. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தடித்த கண்ணாடி, இஸ்திரி கலையாத சட்டை, மடியில் நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்று.

'கிழமை' என்ற சொல் காதில் விழுந்ததும் அக்காவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. அக்கா என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை, என் முதலாளி. இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். நசுங்கின பம்பரை ஒரு நிமிடம் பார்த்தால் போதும், வண்டி மரத்தில் மோதியதா அல்லது மச்சான் சுத்தியலால் அடித்தாரா என்று சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் அவருடைய உதவியாளன். முன்பு ஆட்டோ எலக்ட்ரீஷியன். பெயரை யாரும் கேட்பதில்லை, 'ஸ்பேனர்' என்றால் திரும்பிப் பார்ப்பேன்.

ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்வதில்லை. அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

"என்ன கெடுக்குறாங்க?" என்றார் அக்கா.

"ஸ்டியரிங். ஓடிட்டே இருக்கும்போது மஞ்சள் விளக்கு எரியும், ஸ்டியரிங் கல்லாயிடும். திங்கள், புதன், வெள்ளி மட்டும். செவ்வாய், வியாழன், சனி வெண்ணெய் மாதிரி திரும்பும். ஆறு வாரமா இதே கூத்து."

"ஞாயித்துக்கிழமை?" என்று நான் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை பையன் குடும்பத்தோட வருவான். வண்டியை எடுக்க மாட்டேன்."

"அப்ப கெடுக்குறவருக்கு வார விடுமுறை உண்டு. நமக்குத்தான் இல்லை" என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இவ்வளவு நாள் பொறுத்துட்டு இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

கிரேன்காரர் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்துப் பார்த்தார். "போன வெள்ளிக்கிழமை கேட்டை விட்டு ரிவர்ஸ்ல வெளிய எடுத்தேன். பாதியில ஸ்டியரிங் மாட்டிக்கிச்சு. தூண்ல இடிச்சுட்டேன். அன்னிக்குன்னு பார்த்து மருந்துக்கடையைச் சாத்திட்டு என் பையன் வந்து நிக்கிறான். 'ஸ்டியரிங் நல்லாத்தான் இருக்குப்பா, உங்களுக்குத்தான் கை தளர்ந்துபோச்சு'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டான். இன்னிக்கு அஞ்சு மணிக்கு வண்டி வாங்குற ஆளைக் கூட்டிட்டு வர்றான். இனிமே நான் சாவியைத் தொடக்கூடாதாம்."

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான். ஆனா வீட்ல என் பேச்சு எத்தனை தூரம் எடுபடும்னு உங்களுக்குச் சொல்லணுமா? நாப்பது டன் பெட்டியைக் கப்பல்ல ஒரு அங்குலம் பிசகாம இறக்கின கை மேடம் இது. கை போயிடுச்சுன்னு அவன் சொல்றான். ராத்திரியெல்லாம் நானும் அதையேதான் யோசிக்கிறேன்."

சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. மணி இரண்டரை. அக்கா நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்.

அது துறைமுகத்து லாக் புத்தகத்தின் அச்சு அசல் நகல். தேதி, நேரம், மீட்டர், கோளாறு, ஒப்படைத்தவர், பொறுப்பேற்றவர் என்று கோடு போட்டு ஆறு கட்டங்கள். வீட்டுக் காருக்கு இப்படி ஒரு புத்தகம் வைக்க ஒன்று கிரேன் ஓட்டியிருக்க வேண்டும், இல்லை பேசக் கேட்க ஆள் இல்லாமல் இருக்க வேண்டும். கடைசிக் கட்டம் எல்லாப் பக்கத்திலும் காலியாகவே இருந்தது.

"வண்டியை முடிச்சு நிறுத்தும்போது மட்டும்தான் மீட்டர் எழுதுவீங்களா? எடுக்கும்போது எழுத மாட்டீங்களா?" என்றார் அக்கா.

"முடிக்கிற ரீடிங்கை முடிக்கிறவன் எழுதுவான். தொடங்குற ரீடிங்கைப் பொறுப்பேத்துக்கிற அடுத்த ஷிப்ட்காரன் எழுதுவான். அதான் முறை. இங்க அடுத்த ஷிப்ட்காரன் யாரு இருக்கா?"

"வண்டியில எங்க போவீங்க?"

"ஏரிக்கு. தினமும் நாலு மணிக்கு மீன் பிடிக்க. ஆறு கிலோமீட்டர்."

"மீன் கிடைக்குமா?" என்றேன்.

"அது வேற கேஸ்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். வருட ஆரம்பத்துப் பக்கம் ஒன்றையும் போன வாரப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிரேன்காரரின் தடித்த கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"ஸ்பேனரு, கிளம்பு. இன்னிக்குத் திங்கக்கிழமை."

*

கிரேன்காரர் வீடு சின்ன வீடு. பெரிய கேட் வைக்க ஆசைப்பட்டு, இடம் போதாமல் இரண்டு தூண்களையும் நெருக்கிக் கட்டியிருந்தார்கள். இடது தூணில் புதிய காயம். காரின் பின்கதவில் அதே உயரத்தில் அதே நிறத்தில் இன்னொரு காயம். பதினாறு வயதான கார். இதற்குள் எத்தனையோ கார்கள் காயலான் கடைக்குப் போய்விட்டன. இது மட்டும் பளபளவென்று துடைத்து வைத்த குத்துவிளக்காக நின்றது.

"காலையில வண்டியை எடுத்தீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை மேடம். திங்கள், புதன், வெள்ளி காலையில எட்டுலேருந்து ஒன்பதரை வரை பக்கத்துத் தெருவுல பழைய சிநேகிதன் வீட்ல செஸ். நடந்தே போயிடுவேன். வண்டியை நாலு மணிக்கு மேலதான் எடுப்பேன்."

திங்கள், புதன், வெள்ளி என்றதும் நான் துள்ளிக் குதித்தேன். "அக்கா! செஸ் விளையாடுற சிநேகிதன்! இவரை உட்கார வச்சுட்டு..."

"அவனுக்கு ரெண்டு முட்டியும் மாத்தியிருக்கு. வாசப்படி தாண்ட முக்கால் மணி நேரம் ஆகும்" என்றார் கிரேன்காரர்.

நான் குதித்த இடத்திலேயே இறங்கினேன்.

கிரேன்காரர் ஓட்டுநர் சீட்டில் ஏறப் போனவர், முழங்கால் இடித்ததும் குனிந்து, நெம்புகோலை இழுத்து, சீட்டைப் பின்னால் ஒரு பல் தள்ளினார். "இது வேற. சில நாள் கால் இடிக்குது. வயசானா கால் நீளுமா தம்பி?"

"காது நீளும்னு கேள்விப்பட்டிருக்கேன் சார். காலைப் பத்தி யாரும் சொல்லலை."

அப்போது அவர் மனைவி டீ கொண்டுவந்தார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். சின்ன உருவம், பெரிய சிரிப்பு. தட்டை நீட்டிய விதம்தான் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. உள்ளங்கை படாமல் விரல் நுனிகளாலேயே பிடித்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளிலும் கட்டைவிரலுக்குக் கீழே பிளாஸ்டர்.

"கையில என்னம்மா?" என்றார் அக்கா.

"துணி பிழிஞ்சேன்மா. கம்பளி" என்றார் அந்த அம்மா, சட்டென்று.

"இந்த வெயில்லயா?"

"வெயில்லதானே காயும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பதில் நன்றாகத்தான் இருந்தது. அக்காவும் டீயைக் குடித்துவிட்டு நன்றாக இருந்தது என்றார்.

மூன்று மணிக்கு நான் ஓட்டினேன். கிரேன்காரர் பக்கத்தில், அக்கா பின்னால். ஓட்டத் தெரியாதவர்கள் பின்னால் உட்கார்ந்தால் ஓட்டுகிறவனை விடக் கவனமாக ரோட்டைப் பார்ப்பார்கள். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இந்த மாதிரிக் காரில் ஸ்டியரிங் தண்டிலேயே சின்ன மோட்டார் ஒன்று இருக்கும். நாம் திருப்ப ஆரம்பித்தால் போதும், முக்கால்வாசி வேலையை அது பார்த்துக்கொள்ளும். அதற்கு மின்சாரம் போகாவிட்டால் முழு வேலையும் நம் தோளுக்கு வந்துவிடும். மற்றபடி வண்டி ஓடும், பிரேக் பிடிக்கும், பாட்டும் பாடும். மூன்று கிலோமீட்டர் வரை மோட்டாரும் ஒழுங்காக வேலை செய்தது. ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் திருப்பிக்கொண்டு, "சார், உங்க பையன் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் வேகத்தடை வந்தது. வண்டி தூக்கிப் போட்டது. மஞ்சள் விளக்கு எரிந்தது. எதிரே வளைவு.

ஒற்றை விரலால் திருப்பினேன், அசையவில்லை. இரண்டு கையாலும் திருப்பினேன், யோசித்தது. கடைசியில் எழுந்து நிற்காத குறையாக மொத்த உடம்பையும் சாய்த்தபோது வண்டி பெரிய மனது பண்ணித் திரும்பியது. சாலையோரம் நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினேன்.

கிரேன்காரர் முகத்தில் ஒரு குழந்தையின் சந்தோஷம். "உனக்கும் மாட்டிக்கிச்சு! உனக்கும் மாட்டிக்கிச்சுல்ல தம்பி? அப்ப என் கை இல்லை!"

"உங்க கை இல்லை சார். என் கைதான் போச்சு."

"வழக்கமா இதுக்கு அப்புறம் என்ன செய்வீங்க?" என்றார் அக்கா.

"இந்த ரோட்டிலேயே மெக்கானிக் கடை இருக்கு. தள்ளாத குறையா ஓட்டிட்டுப் போய்க் காட்டுவேன்."

"அப்படியே செய்யுங்க. நாங்க யாருன்னு மட்டும் சொல்லாதீங்க."

*

மெக்கானிக் நாற்பது வயது ஆசாமி. வண்டியைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். "மறுபடியுமா அண்ணே! ஆறு வாரத்துல எத்தனையாவது தடவை? பேட்டரியை மாத்தியாச்சு. ஸ்கேனர் போட்டா, எப்பவோ கரண்ட் போதலைன்னு பழைய கோளாறு ஒண்ணைக் காட்டும். இப்ப என்னன்னு கேட்டா எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லும். எதுக்கும் ஸ்டியரிங் தண்டையே மாத்திப் பார்க்கலாம்னா, அது இந்த வண்டிக்கு இனிமே கிடைக்காது. ஸ்கேனர்ல கோளாறே தெரியலை, வித்துடுங்கன்னு உங்க பையன்கிட்டயும் சொல்லிட்டேன்."

விற்கச் சொன்னவர் இவர்தானா! நான் அக்காவுக்குக் கண் காட்டினேன். அக்கா கண்டுகொள்ளவில்லை. மெக்கானிக்கின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் ஓட்டுநர் கதவைத் திறந்து மண்டியிட்டார். டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார். பியானோ வாசிக்கிற மாதிரி வரிசையாக ஒவ்வொரு ஃபியூஸையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். பிறகு ஸ்கேனரை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

வெண்ணெயாகத் திரும்பியது.

"பாத்தீங்களா அண்ணே? ஒண்ணுமே இல்லை! கடைக்கு வந்தா சரியாயிடுது. எனக்கே பைத்தியம் பிடிக்குது."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "பிடிச்சுட்டோம் அக்கா! கையும் களவுமா! இவர் தொட்டா சரியாகுதுன்னா இவர்தான் கெடுக்குறார். வண்டியை விக்க வச்சு, அடிமாட்டு விலைக்கு ஆளை அனுப்பி..."

மெக்கானிக் ஸ்கேனரோடு எழுந்தார். அது சின்ன ஸ்கேனர்தான். அவர் கையில் இருந்தபோது பெரிதாகத் தெரிந்தது. நான் அக்காவுக்குப் பின்னால் போனேன்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. இவன் இப்படித்தான், வாய்க்குப் பூட்டு கிடையாது" என்றார் அக்கா. "ஆறு வாரமா இந்த வண்டியைச் சரி பண்ணிட்டிருக்கிறது நீங்கதான். அது உங்களுக்கே தெரியலை, அவ்வளவுதான்."

"நானா? நான் ஒண்ணுமே பண்ணலையே!"

"கட்டைவிரலால அழுத்தினீங்களே, அது?"

"அது பழக்கம்மா. எந்த வண்டி வந்தாலும் முதல்ல ஃபியூஸை ஒரு அழுத்து அழுத்திட்டுத்தான் மத்ததைப் பார்ப்பேன். என் குருநாதர் திட்டித் திட்டிப் பழக்கினது."

அக்கா கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து என்னிடம் கொடுத்தார். "பார்த்துச் சொல்லுடா."

குனிந்து பார்த்தேன். பதினாறு வருடத் தூசி ஃபியூஸ்கள் எல்லாவற்றின் இடுக்கிலும் அப்பிக் கிடந்தது. ஒன்றே ஒன்றின் இடுக்கு மட்டும் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. மூடியின் உள்பக்கப் படத்தோடு ஒப்பிட்டேன். ஸ்டியரிங் ஃபியூஸ்.

எனக்கு எலக்ட்ரீஷியன் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. "அக்கா, யாரோ இதைக் கழட்டி மாட்டுறாங்க. மாட்டும்போது முழுசா அழுத்துறதில்லை. பாதிதான் உட்கார்ந்திருக்கு. வண்டி குலுங்காத வரைக்கும் கரண்ட் பாயும். குலுங்கினா விட்டுப்போகும். அன்னிக்கே இவர் கட்டைவிரலால அழுத்திடுறார். மறுநாள் சரியாயிடுது. அதுக்கு அடுத்த நாள் காலையில மறுபடியும் யாரோ..."

"பரவாயில்லையே, சம்பளம் வீண் போகலை."

மெக்கானிக் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பேட்டரி மாற்றிய கை அது. பாவம், அழுத்தினதைச் சொல்லியிருந்தாலே போதும்.

"யாருங்க அந்த ஆளு?" என்று கிரேன்காரர் பல்லைக் கடித்தார். "என் வண்டிக்குள்ள பூந்து ஃபியூஸைப் பிடுங்குற பரதேசி யாரு?"

"கெடுக்க நினைக்கிறவன் பிடுங்கினா, மறுபடியும் எதுக்கு மாட்டப்போறான்?" என்றார் அக்கா. "ஸ்பேனரு, அந்த லாக் புத்தகத்தைப் படி. மீட்டர் கட்டம் மட்டும்."

படித்தேன். முந்தின சனிக்கிழமை எண்பத்து நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து. திங்கள் முந்நூற்று இருபத்தேழு. செவ்வாய் முந்நூற்று முப்பத்தொன்பது. புதன் முந்நூற்று ஐம்பத்தாறு.

"ஏரிக்குப் போய் வர எவ்வளவு?"

"பன்னிரண்டு. செவ்வாய் பன்னிரண்டு, சரி. திங்கள்..." எனக்கு வாய் பிளந்தது. "பதினேழு. புதன் பதினேழு. அஞ்சு கிலோமீட்டர் அதிகமா ஓடியிருக்கு அக்கா!"

கிரேன்காரர் புத்தகத்தைப் பிடுங்கி, கண்ணாடியைத் தூக்கி, மூக்குக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். முப்பத்தொரு வருடம் லாக் எழுதியவர். தொடங்குகிற ரீடிங்கை அடுத்தவன் எழுதுவான் என்று விட்டதில், அடுத்தவன் ஒருவன் இருந்ததே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது.

"குற்றவாளி யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு ஐயா" என்றார் அக்கா. "சொல்லணுமா வேண்டாமான்னுதான் யோசிக்கிறேன். வீட்டுக்குப் போவோம்."

*

ஐந்தடிக்கப் பத்து நிமிடம். மருந்துக்கடை மகன் ஏற்கெனவே வந்திருந்தான். பக்கத்தில் வாங்க வந்த ஆள். விலையைக் குறைக்கப் போகிறவனுக்கே உரிய வருத்தமான முகத்தோடு தூண் காயத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இவங்கல்லாம் யாரு? மறுபடியும் ஏன் வண்டியை எடுத்தீங்க?" மகன் குரலில் கோபத்தை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை தூணோட போச்சு. தூணுக்குப் பதிலா அங்க ஒரு ஆள் நின்னிருந்தா?"

"என் கையில தப்பு இல்லடா! ஸ்டியரிங்ல..."

"எப்பவும் இதையேதான் சொல்றீங்க. சாவியைக் குடுங்கப்பா."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கிரேன்காரர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா டீத் தட்டோடு வாசலில் நின்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அக்கா கையைத் திறந்தார். கடையில் கழற்றிய ஃபியூஸ் உள்ளங்கையில் இருந்தது. என்னை அதே கல் ஸ்டியரிங்கோடு திரும்ப ஓட்டி வந்து கேட்டுக்குள் விட வைத்திருந்தார், புண்ணியவதி. ஃபியூஸை அந்த அம்மாவின் தட்டில் டம்ளர்களுக்கு நடுவே மெதுவாக வைத்தார்.

"இது எங்க போகும்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றார்.

அந்த அம்மா ஃபியூஸைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கடைசியில் கணவரின் கையைப் பார்த்தார், சாவியை இறுக்கிக்கொண்டிருந்த கையை.

"இதனாலயா?" என்றார். "ஏங்க, ஸ்டியரிங் மாட்டிக்கிட்டது இதனாலயா? சத்தியமா எனக்குத் தெரியாது, திரும்ப மாட்டிட்டா சரியாயிடும்னுதான் இருந்தேன். உங்களுக்குக் கண்ணு தெரியாமத்தான் தூண்ல இடிச்சீங்கன்னு நினைச்சேன்."

"உனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் கிரேன்காரர், ஒன்றும் புரியாமல்.

"நீங்க செஸ் விளையாடப் போற நேரத்துல நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டேன்."

வாங்க வந்தவர் தடவுவதை நிறுத்திவிட்டார். மகன் அப்படியே படியில் உட்கார்ந்தான். நான் அந்த அம்மாவின் உள்ளங்கைப் பிளாஸ்டர்களைப் பார்த்தேன். கம்பளியாம்! ஆறு வாரம் கல் ஸ்டியரிங் திருப்பிய கொப்புளம் அது.

"டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரம்மா வருவாங்க. நம்ம வண்டியிலேயே கத்துக் குடுப்பாங்க. அவங்க முறை ஒண்ணு உண்டு. முதல் நாள்லேருந்து கடைசி நாள் வரைக்கும் பவர் ஸ்டியரிங் இல்லாமத்தான் ஓட்டணும். கைக்கு முதல்ல கனம் தெரியணும், அப்பத்தான் ரோடு தெரியும்பாங்க. ஆரம்பிக்கும்போது அவங்க ஃபியூஸைக் கழட்டி என் கையில குடுப்பாங்க. முடிஞ்சதும் நான்தான் மாட்டணும். ஷாக் அடிக்குமோன்னு பயந்துக்கிட்டே, ரெண்டு விரலால பட்டும் படாம வச்சுட்டு மூடிடுவேன்."

"சீட்டையும் திரும்பப் பின்னால ஒரு பல் கம்மியாத்தான் தள்ளி வைப்பீங்க" என்றேன்.

"என் மூக்குக்குக் கீழ!" கிரேன்காரருக்கு இப்போதுதான் குரல் வந்தது. "ஆறு வாரம்! கை போயிடுச்சு, இனிமே நான் எதுக்கும் ஆக மாட்டேன்னு ராத்திரி ராத்திரியா முழிச்சுக்கிட்டுக் கிடந்தேன். நீ பக்கத்துலதானே படுத்திருந்தே? எதுக்கு இந்த வேலை உனக்கு?"

அக்கா லாக் புத்தகத்தை மகன் மடியில் வைத்து இரண்டு பக்கங்களை விரித்தார்.

"தம்பி, உங்க பயம் பாதி சரி. வருட ஆரம்பத்துல உங்கப்பா எழுத்து எவ்வளவு சின்னதா இருக்கு பாருங்க. போன வாரம் ஒரு வரியில எழுத வேண்டியது மூணு வரிக்குப் போயிருக்கு. ஐயா, டாக்டர் எப்ப ஆபரேஷன் பண்ணச் சொன்னார்?"

கிரேன்காரர் தரையைப் பார்த்தார். துறைமுகத்துக் கிரேன் உச்சியிலிருந்து பார்ப்பவர் மாதிரி வெகு தூரத்துத் தரையைப் பார்த்தார்.

"போன வருஷம்" என்றார். "ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் வண்டியைத் தொடக்கூடாதாம். ஒரு மாசம் ஏரி இல்லாம இந்த வீட்டுக்குள்ள நான் என்ன பண்றது? யாரு என்னைக் கூட்டிட்டுப் போவா? இவனுக்குக் கடை. இவளுக்கு..." அங்கே நிறுத்திவிட்டார்.

"உங்க சட்டையைத் துவைக்கும்போது பையில கண் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்துச்சு" என்றார் அந்த அம்மா. "கேட்டா சண்டைதான் வரும். கூட்டிட்டுப் போக ஆள் இருந்தா ஆபரேஷனுக்குச் சம்மதிப்பீங்கன்னுதான் கத்துக்கிட்டேன். லைசென்ஸ் வியாழக்கிழமை வந்துச்சு. மாவு டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன். ரிவர்ஸ் மட்டும் இன்னும் கொஞ்சம் பழகிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

வாங்க வந்தவர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப வண்டி... இந்தக் கேட்ல பெரியவருக்கே இடிக்குது. அம்மா புதுசு. விக்கிறதுதானே நல்லது?"

அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ஒருவனுக்குப் பெரிய செலவு வைக்கப் போகும்போது மட்டும் வருவது.

"புதுசுதான். வெளிய எடுக்கச் சொல்லிப் பார்ப்போமே. ஃபியூஸ் இல்லாமலே எடுக்கட்டும். எங்க ஸ்பேனர் இப்பத்தான் அப்படி ஓட்டிட்டு வந்து தோளைப் பிடிச்சுட்டு நிக்கிறான்."

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கிரேன்காரர் தன் உள்ளங்கையில் இருந்த சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதை நீட்டினார்.

அந்த அம்மா ஏறினார். சீட்டை ஒரு பல் முன்னால் இழுத்தார். வண்டி ஸ்டார்ட் ஆனது, மஞ்சள் விளக்கு எரிந்தது, ரிவர்ஸ் விழுந்தது. தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி வண்டியை மெல்ல நகர்த்தினார். வாத்தியாரம்மாவின் முறையில் விஷயம் இருந்தது. கேட்டுக்குள் விடும்போது நான் வண்டியை நிறுத்தி வைத்து ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியிருந்தேன். அவர் வண்டியைக் கொஞ்சம் உருட்டி, உருளும்போதே திருப்பினார். பாதி கனம் அதிலேயே போய்விட்டது. ஆனாலும் இடது தூண் நெருங்கிக்கொண்டே வந்தது. மகன் எழுந்து, "அம்மா, நிறுத்து!" என்று கத்தினான்.

அதற்குள் கிரேன்காரர் கேட்டுக்கு வெளியே போய் நின்றிருந்தார். முதுகு நிமிர்ந்தது. வலது கை தலைக்கு மேலே உயர்ந்தது. விரல் ஒன்று வட்டமிட்டது. உள்ளங்கை கீழே நோக்கி மெல்ல மெல்ல அசைந்தது. முப்பத்தொரு வருடம் கீழே நிற்கிறவன் காட்டிய சைகையைப் பார்த்து மேலே இயக்கியவர், முதல் தடவையாகக் கீழே நின்று காட்டினார். அந்த மொழி அந்த அம்மாவுக்குத் தெரியுமா? முப்பது வருடமாகச் சாப்பாட்டு மேசையில் 'இன்னும் கொஞ்சம்', 'போதும்' என்பதற்கெல்லாம் அதே சைகைதானாம். பிறகு சொன்னார்.

இடது பக்கம் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நேரே. வா. வா.

கை முஷ்டியாக மூடியது. வண்டி நின்றது. தெருவில், முழுசாக. தூணுக்கும் கதவுக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டு வந்திருந்தது.

"நாலு விரல்" என்றார் கிரேன்காரர். கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. அது புரையினால் இல்லை. "ஏம்மா, எனக்கே அரைச் சாண் இடம் வேணும்."

மகன் தூணுக்கும் மண்ணில் விழுந்த டயர் தடத்துக்கும் நடுவே கையை வைத்து அளந்தான். பிறகு அப்பாவைப் பார்க்காமலே, "நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு நேரம் வாங்கிடுறேன்பா" என்றான். "கை தளர்ந்துபோச்சுன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

வாங்க வந்தவரை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. தெருமுனை வரை அவர் கால் வேகமாகப் போனதை மட்டும் நான் பார்த்தேன்.

நான் ஃபியூஸை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்து, "கட்டைவிரலால நல்லா அழுத்துங்கம்மா, ஷாக் அடிக்காது" என்றேன். டக் என்று சத்தம் கேட்கும் வரை அழுத்தினார். கிரேன்காரர் தூண்டில் பையை எடுத்துப் பின் சீட்டில் போட்டார். பக்கத்து சீட்டில் ஏறி, லாக் புத்தகத்தை மடியில் விரித்து, பெரிய பெரிய எழுத்தில் மெதுவாக எழுதினார். மீட்டர். கோளாறு: சரி செய்யப்பட்டது. ஒப்படைத்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு புத்தகத்தையும் பேனாவையும் மனைவியிடம் நீட்டினார்.

"கடைசிக் கட்டம் உன்னோடது. தொடங்குற ரீடிங்கை நீதான் எழுதணும்" என்றார். "இல்லைன்னா மறுபடியும் அஞ்சு கிலோமீட்டர் காணாமப் போயிடும்."